மாதாவுக்கு நேர்ந்த புகையிலை

எண்பதுகளின் நடுவில் பாப்பாரப்பட்டி சுற்றுவட்டாரத்தில் பைப் பிடித்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் எங்கள் பங்குச் சாமியார். இன்னொருவன் நான். சாமியார் ரோமாபுரியில் நான்கு வருடம் இறையியல் படித்துவிட்டு வந்தவர். அவருடைய பிரசங்கத்தைக் கேட்டால் இறையியல் பெரிதாக ஒன்றும் மண்டையில் ஏறவில்லை என்றுதான் தோன்றும். ஆனால் பைப்பில் புகையிலை அடைக்க மட்டும் கச்சிதமாகக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். நான் ரோமாபுரிக்கெல்லாம் போகவில்லை. பெங்களூரில் பழைய சாமான் விற்கும் தெருவில் ஒரு பைப்பைப் பார்த்து, எந்த வெள்ளைக்காரன் வாயில் இருந்ததோ என்று அருவருக்காமல் வாங்கி, வெந்நீரில் ஊறப்போட்டுக் கழுவி வாயில் வைத்துக்கொண்டவன்.

உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் வாத்தியார் வேலை. வயது முப்பத்தைந்து. வாத்தியார் பீடி பிடிக்கலாம், மூக்குப்பொடி போடலாம், வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே பாடம் நடத்தலாம். அதெல்லாம் ஊருக்குப் பழக்கம். பைப் பிடித்தால் மட்டும் திமிர் பிடித்தவன். எங்கள் தலைமையாசிரியர் என்னை அப்படித்தான் நினைத்தார். அவர் நினைத்ததில் தவறும் இல்லை.

பைப் வாங்குவது எளிது, அதற்குத் தீனி போடுவதுதான் பெரும்பாடு. டப்பாவில் அடைத்த புகையிலைக்கு பெங்களூருக்குத்தான் பஸ் ஏற வேண்டும். சாமியாருக்கு வெளிநாட்டிலிருந்து எப்போதாவது ஒரு டப்பா வரும். அதைத் திறக்கும்போது மூக்கில் வியர்த்தது போல நான் போய் நிற்பேன். ஒரு நாள் டப்பாவின் அடியைச் சுரண்டிக்கொண்டே அவர் சொன்னார்: “வாத்தியாரே, நீங்க கெமிஸ்ட்ரி படிச்சவர். நாமளே செஞ்சா என்ன?” நான் செய்தால் என்ன என்று அர்த்தம். சாமியார்கள் ‘நாம்’ என்று சொன்னால் அதில் அவர்கள் எப்போதும் சேர்த்தி இல்லை.

முதல் முயற்சிக்குச் சந்தையில் வெற்றிலைக்குப் போடும் புகையிலையை வாங்கி, நறுக்கி, வெல்லத் தண்ணீர் தெளித்துக் காயவைத்தேன். சாமியார் பங்களாவில் இரண்டு பேரும் உட்கார்ந்து பற்றவைத்தோம். மூன்றாவது இழுப்பில் எனக்கு விக்கல் பிடித்துக்கொண்டது. சாமியார் நாற்காலியை விட்டு எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் மெழுகுவர்த்தி நிறத்துக்கு வந்துவிட்டது. அன்று சாயங்காலம் ஜெபமாலையை உபதேசியார்தான் நடத்தினார். சாமியாருக்குப் பித்தம் என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள்.

என்னை மீட்டவர் பக்கத்து வீட்டு லாரி டிரைவர். வீட்டில் கன்னடம், வெளியே தமிழ், கோபம் வந்தால் இரண்டும் கலந்து பேசுகிறவர். மைசூருக்கு அந்தப் பக்கம் ஹுன்சூர் வரை லோடு அடிப்பார். அங்கே சிகரெட் கம்பெனிகளுக்காகச் சூளையில் வாட்டும் இலை எலுமிச்சம்பழ நிறத்தில் இருக்கும் என்று கேள்விப்பட்டு, ஒரு கட்டு கொண்டுவரச் சொன்னேன். அவர் கோணிப்பையில் சுற்றிக் கொண்டுவந்து திண்ணையில் போட்டு, “ஒள்ளே மாலு சார், நல்ல சரக்கு. பீடிக்குக்கூட இவ்வளவு பாடு யாரும் படறதில்லைங்க” என்றார். பையைப் பிரித்தேன். வைக்கோலும் தேனும் கலந்த ஒரு வாசம் வந்தது. அந்த வாசத்தில் விழுந்தவன்தான், பிறகு நான் எழுந்திருக்கவே இல்லை.

செய்முறை பெரிய ரகசியமில்லை. இலையின் நடு நரம்பை உருவி எறிய வேண்டும். ஹுன்சூர் இலை எட்டுப் பங்கு, நம் சந்தைப் புகையிலை ஒரு பங்கு. அதற்கு மேல் போனால் மறுபடி சுவரைப் பிடிக்க வேண்டியதுதான். வெல்லத் தண்ணீரில் கொஞ்சம் புளி கரைத்துத் தெளித்து, ஈரத் துணி போட்டு மூடிவைக்க வேண்டும். இதில் சாமியாரின் பங்களிப்பு பூசைக்கு வைத்திருந்த திராட்சை ரசம் அரை பாட்டில். நான் தயங்கினேன். “இது இன்னும் எழுந்தேற்றம் ஆகாத வைன், ஆண்டவரோட ரத்தமா மாறல. கடைச் சரக்குதான், பயப்படாதீங்க” என்று என் கையில் திணித்தார். ஊறிய இலையை ஆவியில் வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் பெட்டியில் அடுக்கி, மூச்சு முட்ட அழுத்த வேண்டும். நாட்கணக்கில் அழுத்தத்திலேயே இருந்தால்தான் காரம் அடங்கி, இனிப்பு எழும்பி, இலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுத்த செங்கல் போல ஒரு கட்டி கிடைக்கும். அதை அரிவாள்மனையில் மெல்லிசாகச் சீவி, உள்ளங்கையில் உதிர்த்துப் பைப்பில் அடைக்கலாம்.

ஆவியில் வேகவைக்க வீட்டில் இருந்தது இட்லிக் குண்டான். அதில்தான் வேகவைத்தேன். என் மனைவி கன்னியர் மடத்துத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நன்றாகக் கழுவி வைத்துவிட்டால் போயிற்று என்று நினைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த மச்சான் ஆறு இட்லி சாப்பிட்டுவிட்டு, மதியம் வரை தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் குண்டானை முகர்ந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்ப் புதுக் குண்டான் ஒன்று வாங்கி வந்தாள். பழையதன் மேல் ஆணியால் பெருக்கல் குறி போட்டு, “இது உங்க பொண்டாட்டி. இதோட குடும்பம் நடத்துங்க” என்று என்னிடம் கொடுத்தாள்.

அழுத்துவதில் நான் வீட்டையே தூக்கினேன். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. தச்சரிடம் ஒரு சாண் அகலத்தில் தேக்குப் பெட்டி செய்து, பெட்டிக்குள் இறங்கும்படி கனமான மூடியும் வாங்கினேன். மேலே அம்மிக்கல்லை வைத்துப் பார்த்தேன், போதவில்லை. டிரைவரிடம் லாரி ஜாக்கி இருந்தது. பெட்டியைத் தரையில் வைத்து, மூடி மேல் ஜாக்கியை நிறுத்தி, ஜாக்கியின் தலையைக் கூரை விட்டத்துக்கு முட்டுக் கொடுக்க ஒரு கட்டையைச் செருகித் திருகினேன். கட்டை இறுகியது. இன்னும் இரண்டு திருகு. புகையிலை அதற்கு மேல் அமுங்கவில்லை, அதனால் விட்டம் மேலே போனது. ஓடுகள் பத்துப் பன்னிரண்டு சரசரவென்று சறுக்கி முற்றத்தில் விழுந்து நொறுங்கின.

வீட்டுச் சொந்தக்காரர் ஓடிவந்து அண்ணாந்து பார்த்தார். “ஏனுங்க, வாடகைக்கு வந்தவங்க வூட்டுல குடியிருப்பாங்க. நீங்க வூட்டையே தூக்குறீங்களே! வாத்தியாரு பண்ற வேலைங்களா இது?” என்று தெருவையே கூட்டிவிட்டார். நான் அழுத்தம், விசை, எதிர்விசை என்று ஏதோ பூசி மெழுகினேன். என் மனைவி கதவோரம் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவர் போனதும் தரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவளை அப்படிச் சிரிக்கவைக்க இன்னும் நான்கு ஓடு உடைத்தாலும் தகும் என்று எனக்குத் தோன்றியது. பிறகு தருமபுரியில் ஒரு வெல்டிங் பட்டறையில் சொல்லி இரும்புச் சட்டம் ஒன்று செய்தேன். ஜாக்கியும் பெட்டியும் அதற்குள்ளேயே அடங்கிவிட்டதால் வீடு தப்பித்தது.

சிரிப்புக்கு எங்கள் வீட்டில் அப்போது கொஞ்சம் பஞ்சம். கல்யாணமாகி ஆறு வருடம் ஆகியும் பிள்ளை இல்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிற முகம் தெரியாத பெண்கூட “விசேஷம் ஏதாச்சும் உண்டுங்களா?” என்று அவளிடம் கேட்பாள். என்னிடம் யாரும் கேட்க மாட்டார்கள், எனக்குப் பின்னால் பேசுவார்கள். மாமியார் என் பைப்தான் காரணம் என்று முடிவு கட்டியிருந்தார். தருமபுரியில் ஒரு டாக்டர், சேலத்தில் ஒரு டாக்டர், இரண்டு பேரும் உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் இல்லை என்று கையை விரித்தார்கள். குறை என்று ஒன்றிருந்தாலாவது அதைத் திட்டிக்கொண்டு காலத்தை ஓட்டலாம். நான் பெட்டியும் ஜாக்கியுமாகத் திரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். மாலை நேரத்தில் வீட்டில் செய்ய ஒரு வேலை வேண்டியிருந்தது.

அந்த வருடம் செப்டம்பர் மாதத் திருவிழாவுக்கு அவள் மாதாவின் குகைக் கோயிலான கெபிக்குப் போய் நேர்ந்துகொண்டாள். இங்கே எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண்களின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ஆண்கள் நேர்ந்துகொண்டால் மொட்டை போடுவார்கள், முழங்காலால் நடப்பார்கள், விடுவதென்றால் தங்கள் கெட்ட பழக்கத்தில் ஒன்றை விடுவார்கள். பெண்களிடம் விடுவதற்கு ஒரு கெட்ட பழக்கமும் இருக்காது. அதனால் புருஷனுடையதை நேர்ந்துகொள்வார்கள். அவனிடம் ஒரு வார்த்தை சொல்வது கிடையாது. காரியம் கைகூடிய பிறகுதான் அவனுக்கு ஓலை வரும். எங்கள் தெருக்கோடியில் ஒருவர் எருமை பிழைத்துக்கொண்டதற்காகச் சாராயத்தை விட்டார். அந்த எருமை அதற்குப் பிறகு ஒன்பது வருடம் உயிரோடு இருந்தது. அவர் அதை ஒரு நாளும் அன்பாகப் பார்த்ததில்லை.

பொங்கல் முடிந்த வாரம். நான் அதுவரை செய்ததிலேயே உயர்ந்த கலவையைப் பெட்டியில் ஏற்றி, ஜாக்கியைத் திருகிக்கொண்டிருந்தேன். அவள் பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்து கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றாள்.

“ஏங்க, ரெண்டு சங்கதி. ஒன்னு, ரெண்டு மாசம் ஆவுதுங்க. மடத்து டிஸ்பென்சரி சிஸ்டர் டெஸ்ட்டு பண்ணிச் சொல்லிட்டாங்க.”

எனக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் ஜாக்கிக் கம்பியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தேன். கால் மரத்துப்போயிருந்ததால் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் முட்டாள்களைப் போலச் சிரித்துக்கொண்டும் மூக்கை உறிஞ்சிக்கொண்டும் இருந்தோம். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. ஐந்து நிமிடம் கழித்துத்தான் இரண்டாவது சங்கதி என்ன என்று கேட்டேன்.

“பொகையிலைய நேர்ந்துட்டேங்க. இன்னையிலிருந்து நீங்க குடிக்கக் கூடாது.”

நான் வாதாடினேன். பிள்ளை வரப்போகிற சந்தோஷத்தில் இருக்கும் ஒருவன், பெட்டிக்குள் இருக்கும் புகையிலைக்காக வாதாடினான் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது. வாரத்துக்கு ஒன்று, திருவிழாவுக்கு ஒன்று என்று பேரம் பேசினேன். அவள் முடியாது என்று தலையை ஆட்டினாள். “சரி, உன் பழக்கத்துல ஏதாவது ஒன்ன நேர்ந்திருக்கலாமே” என்றேன். “எனக்கு என்னங்க பழக்கம் இருக்குது, நீங்களே சொல்லுங்க” என்றாள். நானும் யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

மறுநாள் சாமியாரிடம் போனேன். முழுக் கதையையும் கேட்டவர் முகத்தில் கவலை தெரிந்தது. அது மாதாவைப் பற்றியதா, பெட்டியில் இருந்த தன் பாதிப் பங்கைப் பற்றியதா என்று நான் விசாரிக்கவில்லை. அலமாரியிலிருந்து தடிமனான லத்தீன் சட்டப் புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டிப் பக்கம் புரட்டினார். அந்தப் புத்தகத்தை அவர் அதற்கு முன் திறந்ததாகத் தெரியவில்லை. “இதோ பாருங்க. நேர்ச்சைங்கறது நேர்ந்தவங்கள மட்டுந்தான் கட்டும். அடுத்தவங்க தலைய நாம நேர முடியாது. திருச்சபைச் சட்டமே இருக்குது” என்று விரலை வைத்துக் காட்டினார். எனக்கு லத்தீன் தெரியாது. ஆனாலும் பார்த்துத் தலையாட்டினேன்.

வெற்றி வீரனாக வீட்டுக்கு வந்து சட்டத்தைச் சொன்னேன். அவள் வாந்தி எடுத்துவிட்டு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முழுக்கக் கேட்டாள். “அப்படிங்களா. ஃபாதரு படிச்சவரு, சரியாத்தான் இருக்கும். ஆனா நான் கேட்டது மாதாகிட்டங்க. அந்தம்மாவுக்கும் புள்ளை இருந்துச்சு, அதனால கேட்டேன். சட்டம் எனக்குத் தெரியாது” என்றாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, “எனக்குப் பயமா இருக்குதுங்க” என்றாள். அதற்கு மேல் எந்த லத்தீனும் செல்லாது. அவள் தலையில் கைவைத்து, குழந்தை பிறந்து அதற்குப் பிறகும் நான் தொட மாட்டேன் என்று சொன்னேன். அப்போது மனதாரத்தான் சொன்னேன். பைப்பையும் அவளிடமே கொடுத்தேன். அவள் அதைத் துணியில் சுற்றி அரிசிப் பானைக்கு மேலே பரணில் வைத்தாள்.

பெட்டியில் இருந்ததை எறிந்துவிடு என்று அவள் சொல்லவில்லை. ஜாக்கி தளர்ந்துகொண்டே வரும், இரண்டு நாளைக்கு ஒரு முறை திருக வேண்டும். நான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, “இரும்பத் தொட்டா குத்தமில்லைங்க, திருகித் தொலைங்க” என்றாள். திருகினேன். தவக்காலம் முழுக்கத் திருகிக்கொண்டே இருந்தேன். ஈஸ்டர் வந்தபோது என்னைவிடக் கட்டுப்பாடான கத்தோலிக்கன் பங்கில் இல்லை. பெட்டி மட்டும் நாற்பது நாளும் கடந்து அழுத்தத்திலேயே கிடந்தது. அவ்வளவு நாள் எந்தக் கட்டியையும் நான் விட்டுவைத்ததில்லை.

ஏப்ரல் கடைசியில் பெட்டியைத் திறந்து கட்டியை வெளியே எடுத்தேன். சாமியாரின் பாதியைக் கொடுத்துவிடுவது என்பதுதான் சாக்கு. கறுப்பில் செம்மண் நிறம் ஓடி, கத்தியை வைத்தால் வெல்லக்கட்டி மாதிரி வழுக்கிக்கொண்டு அறுபட்டது. என் பாதியை ஒரு பால்மாவு டப்பாவில் போட்டு மூடினேன். சாமியாருக்கானதைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன்.

பள்ளிக்கூட விடுமுறை. வெயில் மண்டையைப் பிளந்தது. சாமியார் பங்களாவின் பின்தாழ்வாரத்தில் உட்கார்ந்து அவர் சீவினார், உதிர்த்தார், அடைத்தார், பற்றவைத்தார். ஒரு இழுப்பு இழுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மூன்று மாதமாக நான் வெறும் வாயோடு இருக்கிறேன். அந்தப் புகை, காய்ந்த திராட்சையும் சுட்ட ரொட்டியும் கலந்த மாதிரி, என் முகத்துக்கு நேராக வந்தது. “உங்களையே கட்டாத நேர்ச்சைக்கு நீங்க ஏன் பட்டினி கிடக்கணும்?” என்று அவர் கேட்டார். தன்னுடைய பழைய பைப் ஒன்றை மேசை மேல் தள்ளினார். அவர் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கப் பார்க்கவில்லை. அவர் தள்ளாவிட்டால் நான் கேட்டிருப்பேன்.

ஒரே ஒரு முறை என்று ஆரம்பித்தேன். மே மாதம் முடிவதற்குள் எட்டு முறை ஆகிவிட்டது. ஒவ்வொரு முறையும் கொய்யா இலையை மென்று, ஏலக்காயை வாயில் அடக்கி, கிணற்றடியில் முகம் கைகால் கழுவி, காற்றாட ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். வீட்டில் அவள் மோர் கொடுப்பாள். பள்ளிக்கூடத்து மேப்புக்குத் துணி வைத்துத் தைத்த நூலில் மிச்சம் எடுத்து, என் பழைய வேட்டியைக் கிழித்துக் குட்டிச் சட்டைகள் தைத்துக்கொண்டிருப்பாள். புதுத் துணி முன்னாடியே வாங்கக் கூடாது என்று ஒரு பயம். வயிற்றில் உதைத்தால் கூப்பிட்டுக் காட்டுவாள். நான் கைவைத்தால் பிள்ளை அசையாமல் கிடக்கும், எடுத்ததும் உதைக்கும். “உங்க புள்ளதான், சொன்ன பேச்சு கேக்கறதில்ல” என்பாள். எனக்கு உள்ளே சுருக்கென்று இருக்கும். நாளையோடு விட்டுவிட வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். நாளைக்கும் அதையே நினைத்துக்கொள்வேன்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த இரண்டாவது வாரம், வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது டிரைவர் வாசலில் வந்து நின்றார். லுங்கியோடு பள்ளிக்கூடத்துக்குள் வரக் கூச்சப்படுகிறவர். அவர் முகத்தைப் பார்த்ததுமே சாக்கட்டியைப் போட்டுவிட்டு வெளியே ஓடினேன். பிரசவ விடுப்பில் இருந்த அவள் வீட்டில் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள், பாவாடையெல்லாம் ரத்தம். லாரியிலேயே ஏற்றித் தருமபுரிக்குக் கொண்டுபோனோம். பதினைந்து கிலோமீட்டருக்கும் அவள் என் கையை விடவில்லை. “மாதாவே” என்று அவள் சொல்லும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அவள் பிழைத்துக்கொண்டாள். பிள்ளை பிழைக்கவில்லை. ஆண் பிள்ளை, ஏழு மாதம், முடியெல்லாம் இருந்தது. நஞ்சுக்கொடி முன்னாடியே பிரிந்துவிட்டது, சில பேருக்கு இப்படி ஆகும், யாரும் எதுவும் செய்திருக்க முடியாது என்று டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார். நான் அறிவியல் வாத்தியார், எனக்கு அது புரிந்தது. எட்டு பைப்புக்கு ஒரு பிள்ளை என்று கழித்துக்கொள்கிற மாதா இருந்தால் அவளுக்கு நான் மெழுகுவர்த்தி ஏற்ற மாட்டேன் என்றும் எனக்குத் தெரியும். என் மேல் கோபம் என்றால் என்னிடம் வந்திருக்கலாமே. இதையெல்லாம் ஆஸ்பத்திரி மரத்தடியில் நின்று எனக்கு நானே நூறு முறை சொல்லிக்கொண்டேன். ஒரு முறைகூட அது உள்ளே இறங்கவில்லை. ஏழு, எட்டு என்று நான் அந்தப் பைப்புகளைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தேன்.

பிள்ளையைக் கல்லறைத் தோட்டத்துக்கு டிரைவரும் மச்சானும் நானும் எடுத்துப்போனோம். ஞானஸ்நானம் பெறாத பிள்ளைகளை அந்தக் காலத்தில் சுவரோரமாகத்தான் வைப்பார்கள். சாமியார் வந்தார். யாரையும் கேட்காமல் நடுப்பகுதியில் ஓர் இடத்தைக் காட்டித் தோண்டச் சொன்னார். சட்டப் புத்தகத்தில் அதற்கு இடம் உண்டா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஜெபம் முடிந்ததும் என்னிடம் வந்து “வாத்தியாரே” என்று ஆரம்பித்தார். என் தோளில் கைவைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த வேட்டித் துணிச் சட்டைகளில் ஒன்றைத்தான் பிள்ளைக்குப் போட்டிருந்தோம், பெரிதாக இருந்தது.

அவள் வீட்டுக்கு வந்த பிறகு அதிகம் பேசவில்லை. மாமியார் வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போனார், அவர்கூட பைப்பைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. நான் சாமியார் பங்களாப் பக்கமே போகவில்லை. பள்ளிக்கூடம் விட்டால் வீடு, வீட்டை விட்டால் பள்ளிக்கூடம். டப்பா அலமாரியில் அப்படியே இருந்தது. அதைக் கொண்டுபோய் ஏரியில் எறிந்துவிட வேண்டும் என்று தினமும் நினைத்தேன். எறிந்தால் ஏன் எறிந்தாய் என்று அவள் கேட்பாளோ என்று பயம். அவள் முன்னால் அந்த டப்பாவைத் தொடவே எனக்குத் துணிச்சல் இல்லை.

மாமியார் போன மறுநாள், சனிக்கிழமை காலை. நான் வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் உள்ளே முக்காலியை இழுத்துப்போடும் சத்தம் கேட்டது. பரணில் எதையோ எடுக்கிறாள் என்று நினைத்தேன். வெளியே வந்து, துணியைப் பிரித்து, பைப்பை என் மடியில் வைத்தாள். பால்மாவு டப்பாவையும் தீப்பெட்டியையும் தரையில் வைத்தாள்.

“குடிங்க” என்றாள்.

“எனக்கு வேணாம்.”

“புள்ள வந்தாத்தானுங்க நேர்ச்சை. வரல. இனி உங்கள எதுவும் கட்டாது.”

அவள் குரலில் கோபமும் இல்லை, குத்தலும் இல்லை. சாமியார் போலவே சட்டத்தைத்தான் சொன்னாள். மே மாதத்தைப் பற்றிச் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். அவள் குனிந்து டப்பாவின் மூடியைத் திறந்து என் பக்கமாக நகர்த்தினாள்.

“இனிமே ஒளிஞ்சு குடிக்க வேணாங்க. அவ்வளவுதான்.”

நான் நிமிரவில்லை. அவளும் காத்திருக்கவில்லை, படியில் என் காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தெருவைப் பார்த்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே, வேறென்ன செய்வது என்று தெரியாமல், அந்தக் கட்டியில் ஒரு துண்டை உடைத்து உதிர்த்து அடைத்தேன். மூன்று குச்சி வீணானது. நான்காவதை அவள் கிழித்துக் கொடுத்தாள். புகையிலை அருமையாக இருந்தது. அதற்கு முன்னாலோ பின்னாலோ அந்த மாதிரி ஒன்றை நான் செய்ததில்லை. அதை இன்று நினைத்தாலும் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

மே மாதம் முழுக்க அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் கொய்யா இலையை மென்றுகொண்டு வந்து நின்ற எட்டு நாளும் தெரிந்தேதான் மோர் கொடுத்திருக்கிறாள். என்னிடம் கேட்டால் நான் பொய் சொல்லிவிடுவேனோ என்று பயந்திருக்கிறாள் போல. என்னைக் கேட்காமல், எனக்காக மாதாவிடம் தினமும் என்னென்ன சொல்லிக் கெஞ்சிப் பார்த்தாளோ, அதை அவளிடம் கேட்க இன்று வரை எனக்குத் தைரியம் வரவில்லை.